பார்த்தும் காணாத கண்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணிக் கரையில் அமைந்துள்ள பழம்பதி ஆழ்வார்திருநகரி. திருக்குருகூர் என்பது அதன் பழம்பெயர். நம்மாழ்வார் தோன்றிய அவ்வூரின் கோயிலில் ஒரு புளியமரம் நிற்கிறது. புளிய இலைகள் அந்தி சாய்ந்ததும் கூம்பிவிடுவது இயல்பு. இம்மரத்தின் இலைகளோ இரவிலும் கூம்புவதில்லை என்பது ஊரார் நம்பிக்கை. அதனால் அதற்கு 'உறங்காப்புளி' என்று பெயர். அம்மரத்தடியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் கண்மூடி, வாய் பேசாது அமர்ந்திருந்தார் என்று வைணவ மரபு கூறுகிறது. புறக்கண் மூடியிருந்தும் அகம் விழித்திருந்த ஒரு நிலையை அம்மரபு போற்றுகிறது.

அதற்கு நேர் எதிரான நிலை ஒன்றும் உண்டு. புறக்கண் அகலத் திறந்திருக்கும், அகமோ உறங்கிக்கொண்டிருக்கும். மது உண்டவனின் நிலை அது.

அதே சாலையில் திருவிழாக் காலங்களில் இரவு நேரத்தில் பயணம் செய்தவர்கள் அறிவார்கள்: சாலையோரமாகப் பாதயாத்திரிகர்கள் கூட்டங்கூட்டமாகத் திருச்செந்தூர் நோக்கி நடந்து செல்வார்கள். நம் மக்களும் இத்தகைய இரவுச் சாலைகளில் உவரிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடக்கிறார்கள். இவ்வாறு நடப்போர்மீது வாகனம் மோதிவிடும்போது ஓட்டியவன் சொல்லும் சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: "நான் பார்க்கவில்லை." மது நெடியோடு அவன் அதைச் சொல்லும்போது நாம் நம்புவதில்லை, தப்பிக்கப் பொய் சொல்கிறான் என்று எண்ணுகிறோம். ஆனால், அவன் உண்மையையே சொல்லியிருக்கக்கூடும். விளக்கொளியில் ஆள் தெரிந்திருக்கும், கண்ணிலும் பட்டிருக்கும், ஆயினும் அவன் காணவில்லை. பொய்யைவிட இந்த உண்மை அதிக அச்சம் தருவது. மனிதகுலம் இதை அறிந்துகொள்ள எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாட்சி சொல்லத் தகாதவன்

ஆழ்வார்திருநகரியைக் கடந்து தாமிரபரணி கடலை நோக்கிச் செல்கிறது. அதன் முகத்துவாரப் பகுதியில் முதலில் கொற்கையும், கடல் பின்வாங்கிய பிறகு காயலும், அதன்பின் புன்னைக்காயலும் துறைமுகங்களாய் விளங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டை 'மாபார்' என்று குறிப்பிட்டு, இங்கு நடந்த முத்துக்குளிப்பை விரிவாக விவரித்துள்ளார். அத்துடன் ஒரு வழக்கத்தையும் குறித்து வைத்தார். மது அருந்துபவனையும் கடலோடியையும் இந்நாட்டார் நம்பகமானவர்களாக ஏற்பதில்லை என்பது அச்செய்தி. அவர் நூலின் மொழிபெயர்ப்புகளுள் சில இதைப் 'பிணையாளர்' என்றும், சில 'சாட்சி' என்றும் பெயர்க்கின்றன.

கடலோடிமீது அக்காலத்தார் கொண்டிருந்த ஐயத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. உயிரைப் பணயம் வைத்துக் கடலேறுகிறவன் துணிச்சலின் எல்லையில் நிற்பவன் என்று அவர்கள் கருதினார்கள் போலும். மது அருந்துபவனைப் பற்றிய தடை நம் கருத்தைக் கவர்கிறது. குடித்தவன் கண்டதாகச் சொல்வதை நம்பலாகாது என்பது அனுபவத்தால் பெற்ற அறிவு. ஏன் நம்பலாகாது என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் விடை இல்லை. அவன் ஒழுக்கம் கெட்டவன், ஆகவே பொய் சொல்வான் என்பதே பொதுக்கருத்தாய் இருந்தது.

வள்ளுவர் இதைவிட ஆழமாகச் சிந்தித்தவர். கள்ளுண்ணாமை அதிகாரத்தில், குடித்தவனிடம் காரணம் காட்டி விளக்க முயல்வதை, நீருக்கடியில் மூழ்கியிருப்பவனைத் தீப்பந்தம் ஏந்தித் தேடுவதற்கு ஒப்பிடுகிறார். முத்துக்குளித்துறை மக்களுக்கு இந்த உவமையை எடுத்து விளக்கத் தேவையில்லை. மூழ்கியவன் வேறோர் உலகில் இருக்கிறான். மேலிருந்து பிடிக்கும் வெளிச்சம் அவனை எட்டுவதில்லை.

சவேரியார் விதித்த ஒரு பணம்

1542ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். சிற்றூர் சிற்றூராக நடந்து மறையறிவு புகட்டிய அவர், தம் உடன் ஊழியர் பிரான்சிஸ் மான்சிலாசுக்கு 1544ஆம் ஆண்டில் அடுத்தடுத்துக் கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்கள் அக்காலக் கடற்கரை வாழ்வைக் காட்டும் அரிய ஆவணங்கள். அவற்றுள் ஒன்றில் சாராயக் குடியைப் பற்றிய கட்டளை உள்ளது. சாராயம் குடிக்கும் பெண்ணுக்கு ஒரு பணம் தண்டம். அத்துடன் மூன்று நாள் காவல். ஊரில் குடி தொடருமானால் பட்டங்கட்டிகளும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் அவர் எச்சரித்தார்.

இன்று இதைப் படிக்கும்போது ஒரு நெருடல் எழாமலில்லை. ஆண்கள் குடித்ததைப் பற்றி இக்கட்டளை பேசவில்லை. தண்டம் பெண்கள்மீதே விழுந்தது. புனிதர்களும் தம் காலத்தின் கண்களைக் கொண்டே பார்த்தார்கள். ஆயினும் அக்கட்டளையில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. குடித்தவரோடு பழி நின்றுவிடவில்லை, ஊர்த்தலைவர்களும் பொறுப்பாளிகளாக்கப்பட்டார்கள். குடி தனிமனிதரின் குற்றம் மட்டுமன்று, அதைக் கண்டும் காணாதிருக்கும் ஊரின் குற்றமும் ஆகும் என்ற எண்ணம் அதில் தொனிக்கிறது. இந்த எண்ணத்துக்கு நாம் மீண்டும் வருவோம்.

கயிற்றைப் பிடித்தவன்

சவேரியார் கண்ட மக்களின் தொழில், கவனத்தையே மூலதனமாகக் கொண்டது. முத்துக்குளிப்பவர் ஒரு கல்லின் துணையால் ஆழத்திலுள்ள பாருக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம், பழகியவராயின் இன்னும் சற்றுக் கூடுதலாக, மூச்சையடக்கிச் சிப்பிகளைச் சேகரிப்பார். பின் கயிற்றை அசைப்பார். படகில் நிற்பவர் அந்த அசைவை உணர்ந்த மாத்திரத்தில் அவரை மேலே இழுக்க வேண்டும். தன் மனைவியின் உடன்பிறந்தவனையே கயிறு பிடிக்க நிறுத்துவார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தங்கையின் தாலியைக் காக்க வேண்டியவன் கவனம் தவறமாட்டான் என்பது அதன் பொருள்.

படகில் நிற்பவரின் வேலையை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் கையிலுள்ள கயிற்றின் அசைவை உணர வேண்டும். மறுபுறம் நீரின் போக்கையும் அடுத்த படகுகளையும் பக்கத்துக் கயிறுகளையும் கண் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கவனம் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருந்தாக வேண்டும். கயிற்றை மட்டும் கவனிப்பது எளிது. கடலை மட்டும் கவனிப்பதும் எளிது. இரண்டையும் சேர்த்துக் கவனிப்பதில்தான் ஓர் உயிர் தொங்குகிறது.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளோடு அப்பெருந்தொழில் ஓய்ந்தது. ஆனால் கயிற்றைப் பிடித்தவனின் வேலை ஓயவில்லை. அது கடலிலிருந்து சாலைக்கு இடம் மாறிற்று.

தள்ளாட்டத்திலிருந்து அளவுக்கு

போதையில் வண்டியோட்டுவதைச் சட்டம் எப்போது கவனிக்கத் தொடங்கியது? இங்கிலாந்தில் 1872ஆம் ஆண்டுச் சட்டம், பொதுவழியில் போதையோடு குதிரையையோ, மாட்டையோ, வண்டியையோ, நீராவி எந்திரத்தையோ செலுத்துவதைக் குற்றமாக்கியது. 1897இல் இலண்டனில் வாடகைக் கார் ஓட்டிய ஒருவர், போதையில் மோட்டார் வாகனம் ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டார். போதையை எப்படி அறிந்தார்கள்? வாயின் நெடி, கண்ணின் சிவப்பு, நாவின் குழறல், காலின் தள்ளாட்டம் ஆகியவற்றால்தான். இவை தெரியாவிட்டால் அவன் தெளிவாக இருக்கிறான் என்று விட்டுவிடுவார்கள்.

20ஆம் நூற்றாண்டில் அறிவியல் இந்த அளவுகோலை மாற்றியது. சுவீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க், மது இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வாறு குறைகிறது என்பதைக் கணக்கிடும் முறையை வகுத்து 1932இல் நூலாக வெளியிட்டார். 1936இல் நார்வே நாடு முதன்முதலாக இரத்தத்திலுள்ள மதுவுக்கு ஓர் எல்லையைச் சட்டத்தில் எழுதியது. 1954இல் அமெரிக்காவின் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் மூச்சைக்கொண்டே மதுவை அளக்கும் கருவியை உருவாக்கினார். 1967இல் பிரிட்டன் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற எல்லையை விதித்தது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 1994இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 30 மில்லிகிராம் என்ற கடுமையான எல்லையைக் கொண்டுள்ளது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

'ஒரு பணம்' 10,000 ரூபாயாக வளர்ந்துவிட்டது. ஆனால் பலர் மனத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: கால் தள்ளாடாத, நாக்குழறாத ஒருவனை வெறும் எண்ணைக் காட்டித் தண்டிப்பது முறையா? "கொஞ்சம்தான் குடித்தேன், கண் நன்றாகத்தான் தெரிகிறது" என்று அவன் சொல்கிறானே!

கண் தெரிகிறது, ஆனால்...

கள்ளச்சாராயம் கண்ணைப் பறிக்கும் என்பது நம் நாட்டில் எல்லாரும் அறிந்த துயரம். அதில் கலக்கும் மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி விழிநரம்பைச் சிதைக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அந்த நஞ்சால் மாண்டதை நாம் மறக்கவில்லை. இங்கு நாம் பேசுவது அந்தக் குருட்டைப் பற்றியன்று. அரசு முத்திரையிட்ட புட்டியிலுள்ள மதுவும், விலையுயர்ந்த மதுவும் உண்டாக்கும் வேறொரு குருடு இருக்கிறது. அதில் விழிக்கும் நரம்புக்கும் ஊறு இல்லை. கவனம்தான் சுருங்குகிறது.

நம் கண் ஓர் அகல்விளக்கைப் போல நாற்புறமும் ஒரே தெளிவோடு காண்பதில்லை. நடுவிலுள்ள மிகச் சிறிய பரப்பில் மட்டுமே கூர்மை உண்டு. ஆகவே கண் ஒரு நொடிக்குள் இரண்டு மூன்று முறை இடம்விட்டு இடம் தாவி, காட்சியைத் துண்டுதுண்டாகச் சேகரிக்கிறது. அடுத்து எங்கே தாவ வேண்டும் என்பதை முடிவு செய்வது மூளை. ஓரத்தில் ஏதோ அசைந்தால் உடனே பார்வையை அங்கே திருப்புவதும் அதுவே. மது இந்த ஆணையைத் தாமதப்படுத்துகிறது. பார்வை நேர் எதிரே நிலைத்து நிற்கிறது, ஓரங்கள் கைவிடப்படுகின்றன.

1968இல் ஹெர்பர்ட் மாஸ்கோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டினார். செவியைக்கொண்டு அவர் நடத்திய சோதனையில், மது அருந்தியவர்கள் ஒரே ஒரு வேலையைக் கவனிக்கும்போது பெரிதும் தவறவில்லை. இரண்டை ஒரே சமயத்தில் கவனிக்கச் சொன்னபோது தவறினார்கள். குடித்தவன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்போது ஏன் ஏமாறுகிறான் என்பது இதனால் விளங்குகிறது. அவன் தூரத்திலுள்ள பெயர்ப்பலகையைப் படித்துப் பார்க்கிறான், படிக்க முடிகிறது. தன் கண் நன்றாயிருப்பதாக முடிவு செய்கிறான். ஆனால் சாலை அவனிடம் பலகையை மட்டும் படிக்கச் சொல்லவில்லை. கயிற்றையும் கடலையும் ஒருசேரக் கவனிக்கச் சொல்கிறது.

கூர்மையான பார்வை உடையவனும் கவனம் வேறிடத்தில் இருந்தால் எதிரே நடப்பதைக் காணாமற் போகலாம் என்பதை 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்னும் இருவர் ஒரு வேடிக்கையான சோதனையால் மெய்ப்பித்தார்கள். இரு குழுவினர் பந்தைக் கைமாற்றி விளையாடும் படம் காட்டப்பட்டது. வெள்ளுடைக் குழுவினர் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று பார்ப்போர் எண்ண வேண்டும். நடுவில் கொரில்லாக் குரங்கு வேடமிட்ட ஒருவர் மெதுவாக நடந்து வந்து, மார்பில் தட்டிக்கொண்டு, கடந்து போகிறார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்தக் குரங்கைக் காணவே இல்லை! இவர்கள் எவரும் மது அருந்தியவர்கள் அல்லர்.

2006இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீமா கிளிஃபசெஃபியும் அவருடைய தோழர்களும் மது அருந்தியவர்களுக்கு அதே படத்தைக் காட்டினார்கள். தெளிந்திருந்தவர்களில் 46 விழுக்காட்டினர் குரங்கைக் கண்டார்கள். மது அருந்தியவர்களில் 18 விழுக்காட்டினரே கண்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த மதுவின் அளவு, இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவற்றின் சட்ட எல்லையில் இது பாதிதான். நம் நாட்டு எல்லையைச் சற்றே தாண்டியது. தள்ளாட்டம் தொடங்கும் அளவே அன்று. பங்குபெற்றவர்கள் சில பத்துப்பேர்தான். ஒரு சிறு சோதனையைக்கொண்டு எல்லாவற்றையும் முடிவு கட்டலாகாது. ஆனால் இதற்கு முன் செய்யப்பட்ட ஆய்வுகளும் இதே திசையையே காட்டின. 1990இல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசஃப்ஸ் ஆகிய இருவரும் இந்நிலைக்கு 'மதுவின் கிட்டப்பார்வை' என்றே பெயரிட்டிருந்தார்கள். கையருகே உள்ளது பெரிதாகத் தெரியும். சற்றுத் தள்ளியுள்ளதும், பின்னால் வரப்போவதும் மறைந்துபோகும்.

இதில் மிகக் கொடியது ஒன்று உண்டு. கண்ணில் புரை விழுந்தால் பார்வை மங்குவதை நாம் உணர்கிறோம், மருத்துவரிடம் செல்கிறோம். கவனம் சுருங்கினால் சுருங்கியது தெரிவதில்லை. காணாத பொருளைக் காணவில்லை என்று யாருக்குத் தெரியும்? குடித்தவன் தன் கண்ணுக்குத் தானே நீதிபதியாக இருக்க முடியாது. அவன் தீர்ப்பு வழங்கும் ஆசனமே மதுவால் பழுதுற்றிருக்கிறது.

நாம் காணாதவை

தமிழகத்தின் மதுவரலாறு நீண்டது. 1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இத்தனை மாற்றங்களிலும் நாம் குடும்பத்தின் கண்ணீரைப் பற்றிப் பேசினோம். அரசின் வருவாயைப் பற்றிப் பேசினோம். கள்ளச்சாராயத்தைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியவையே. ஆனால், 'அளவாகக் குடிக்கிறவர்' என்று நாம் மதிக்கும் மனிதர், தள்ளாடாமல் எழுந்து, மரியாதையாக விடைபெற்று, வண்டியில் ஏறுவதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், 2016 டிசம்பர் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. கடையோ அதன் விளம்பரமோ சாலையில் செல்வோர் கண்ணில் படவும் கூடாது என்றது. தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. பின்னர் இடத்துக்கேற்பத் தூரம் குறைக்கப்பட்டது; நகர எல்லைக்குள் விலக்கும் கிடைத்தது. மதுக்கடை ஓட்டுநரின் கண்ணில் படாதிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கவலைப்பட்டது. மது அருந்திய ஓட்டுநரின் கண்ணில் நடந்து செல்பவர் பட வேண்டுமே என்ற கவலை நம்முடையதாக இருக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டின் சாலை விபத்துகள் பற்றிய மத்திய அரசின் அறிக்கையில், உயிரிழப்புகளில் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டவை மிகுவேகத்தால் நேர்ந்தவையாகவும், மூன்று விழுக்காட்டுக்கும் குறைவானவையே போதையால் நேர்ந்தவையாகவும் பதிவாகியுள்ளன. ஒரு விபத்துக்கு ஒரு காரணம் எழுதும் ஏட்டில், வேகத்துக்குப் பின்னால் நின்ற மது தெரியாமற் போகலாம். ஏடுகளுக்கும் கிட்டப்பார்வை உண்டு.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2290ஆம் எண்ணில், குடிபோதையாலோ வேகத்தின்மீதுள்ள மோகத்தாலோ சாலையிலும் கடலிலும் வானிலும் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து விளைவிப்போர் பெரும் குற்றத்துக்கு ஆளாகிறார்கள் என்று கற்பிக்கிறது. விபத்து நேர்ந்த பிறகுதான் குற்றம் என்று அது கூறவில்லை. ஆபத்து விளைவிப்பதையே குற்றம் என்கிறது. "நான் பார்க்கவில்லை" என்பது அந்த நொடியில் உண்மையாயிருக்கலாம். ஆனால் கோப்பையை எடுத்தபோது கண் தெளிவாகத்தானே இருந்தது? வண்டியின் சாவி சட்டைப்பையில் இருந்தது தெரிந்துதானே இருந்தது? குற்றம் காணாமற் போன நொடியில் நிகழவில்லை; கண்டுகொண்டிருந்த நொடியில் நிகழ்ந்தது.

வள்ளுவர் அதே அதிகாரத்தின் இறுதிக் குறளில், தான் குடியாத வேளையில் குடித்த மற்றொருவனைக் காண்பவன் தன் நிலையை எண்ணிப் பாரானோ என்று கேட்கிறார். தெளிந்த வேளையில்தான் தன்னைக் காண முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே முடிவும் தெளிந்த வேளையிலேயே எடுக்கப்பட வேண்டும். அருந்திய பிறகு, "ஓட்ட முடியுமா?" என்று தன்னையே கேட்டுக்கொள்வது வீண்.

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் மற்றவர்கள். சவேரியார் பட்டங்கட்டிகளைப் பொறுப்பாக்கியதன் பொருள் இங்கேதான் நமக்கு விளங்குகிறது. நம் திருமண வீடுகளில் மாடியறையில் நடப்பதை நாம் அறிவோம். பங்குத் திருவிழாவின் கடைசி இரவில் நடப்பதையும் அறிவோம். அங்கிருந்து இறங்கி வருகிறவரிடம், "மச்சான், சாவியைக் கொடுங்கள், காலையில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும். அவர் கோபப்படலாம், உறவு இரண்டு நாள் கசக்கலாம். ஆனால் மைத்துனனிடம் கயிற்றைக் கொடுத்து வைத்த மரபு நம்முடையது.

இரவில் சாலையோரமாக நடந்து செல்லும் ஒவ்வொருவரும் நீரில் மூழ்கியவரைப் போன்றவரே. தம் உயிரின் கயிற்றை, முகம் தெரியாத ஓர் ஓட்டுநரின் கையில் கொடுத்துவிட்டே அவர் நடக்கிறார். கயிறு அசையும்போது அதை உணர, பிடித்திருப்பவர் விழித்திருக்க வேண்டும்.